புதுக் காது

வாவி அசையாமல் கிடக்கும் இரவு வேண்டும். பூரணையை ஒட்டிய நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கல்லடிப் பாலத்தடியிலிருந்து தோணியைக் கொஞ்சத் தூரம் வலித்துப்போய் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பின் பாடும் மீனைக் கேட்க இங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தரும் வழி இதுதான்.

“துடுப்பக் காதில வெச்சா மட்டும் காணாது மனே, மூச்சையும் கொஞ்சம் அடக்கிப் பிடிக்கணும்” என்றார் என்னைக் கூட்டிப்போன முதிய மீனவர். பிடித்தேன். தோணியின் அடியில் நீர் தட்டுகிற சத்தம் கேட்டது, என் நாடித்துடிப்பு கேட்டது, வேறொன்றும் இல்லை. அவர் துடுப்பை வாங்கித் தன் காதில் வைத்தார். அரை நிமிடம் போயிருக்கும், தலையை ஆட்டினார். “அந்தா, கேக்குது.”

ஒரே வாவி, ஒரே துடுப்பு. அவர் வயதில் உச்ச சுருதி ஒலிகள் பல காதை விட்டுப் போயிருக்கும். கருவி வைத்து இருவர் காதையும் அளந்திருந்தால் கூர்மையில் நான்தான் முந்தியிருப்பேன். ஆனாலும் கேட்டது அவருக்குத்தான். கூர்மையை மிஞ்சிய ஏதோ ஒன்று அவரிடம் இருந்தது. பழக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விடலாம். அந்தப் பழக்கம் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எத்தனை நாளில் வருகிறது, வந்தால் பழையது என்ன ஆகிறது என்று கேட்டால்தான் அறிவியல் தொடங்கும்.

வாவியும் காதும்

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் அப்போது இலங்கை ஆங்கில அரசின் குடியேற்றநாட்டுச் செயலாளர். இரவில் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த ‘சிலோன்’ என்ற தம் நூலில் அதை எழுதியும் வைத்தார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்தோடு அதை ஒப்பிட்டார். நீண்ட ஒற்றைச் சுரமாக அது வரவில்லை. சின்னச் சின்ன ஒலிகள் பல, ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும்படி, சேர்ந்து வந்தன. மீனவர்கள் அவருக்குக் காட்டிய பாடகர் மீன்கூட இல்லை, ஊரி என்ற ஓட்டு நத்தை. பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் குறித்து வைத்த இன்னொரு செய்திதான் நமக்கு வேண்டியது: தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியது.

ஏன் மரம் வேண்டும்? நீருக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடுகிறது. காற்றில் 340 மீட்டர்தான். நீர் கனமானது, இலேசில் அமுங்காதது. காற்று இலேசானது, தொட்டால் விலகுவது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது வாவியின் மேற்பரப்பில், கீழிருந்து வரும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேலே வரும். மிச்சம் திரும்பி நீருக்குள்ளேயே போய்விடும். மரமோ ஒலியைக் கடத்துவதில் நீருக்கு நெருங்கிய உறவு. நீரின் அதிர்வை வாங்கி, கைமாற்றி, மண்டையோட்டு எலும்புவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். துடுப்பு இரண்டு உலகுக்கும் நடுவே நிற்கும் தரகர்.

நம் காதுக்குள்ளும் இதே சிக்கல் தலைகீழாக இருக்கிறது. உட்காதில் நத்தைச் சுருளுக்குள் நிறைந்திருப்பது திரவம். வெளியிலிருந்து வருவது காற்றின் ஒலி. தரகர் இல்லாவிட்டால் வந்த ஒலியில் பெரும்பகுதி வாசலிலேயே திரும்பிப்போகும். அதற்குத்தான் நடுக்காதின் மூன்று சிறு எலும்புகள். சுமார் 55 சதுர மில்லிமீட்டர் செவிப்பறை வாங்கும் அழுத்தத்தை அவை 3 சதுர மில்லிமீட்டர் சொச்சமுள்ள சின்ன வாசலில் குவிக்கின்றன. எலும்புகளின் நெம்புகோல் விசையும் சேர்ந்து அழுத்தம் இருபது மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆளுக்கொரு குட்டி வாவியும் துடுப்பும் தலைக்குள்ளேயே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை லாங் இந்த வாவியின் ஒலியை இலங்கை வானொலியில் கேட்கச் செய்தார். அன்று வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் துடுப்பும் தோணியும் இல்லாமல் அதைக் கேட்டார்கள். ஆனால் ஒலிவாங்கி, அலைபரப்பி, ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு தரகரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்திருப்பார். தரகரை மாற்றினால் பாட்டு மாறும். இதை நான் என் மேசையிலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

முதுகு திறந்த ஹெட்ஃபோன்

பல வருடம் பாவித்த மூடிய ஹெட்ஃபோன் பழுதாகியதும், கணினிக்கென்று ‘ஓபன் பேக்’ வகை ஒன்று வாங்கினேன். சாதாரண ஹெட்ஃபோனில் காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைத்திருக்கும். இந்த வகையில் அது சல்லடை போலத் திறந்திருக்கும். ஒலியெழுப்பும் மெல்லிய சவ்வு முன்னே தள்ளும்போது காதுக்கும், பின்னே இழுக்கும்போது வெளிக்கும் காற்றை அசைக்கிறது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ‘எச்டி 414’ என்ற பெயரில் இதை முதன்முதல் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான் வாங்கியது வேறு.

முதல் இரவு அதில் கேட்டது ஒரு வடமோடிக் கூத்தின் ஒலிப்பதிவு. பழைய ஹெட்ஃபோனில், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் நெஞ்சில் இடிக்கும். இதில் அது எங்கோ பின்வளவில் கேட்டது. சல்லரித் தாளமோ காதுக்குள் ஊசியாய் ஏறியது. ஆட்டக்காரரின் குரல் மெலிந்திருந்தது. என் அறையின் மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, அதற்கும் அப்பால் கல்லடிக் கடலின் இரைச்சல் எல்லாம் கூத்துக்குள் நுழைந்து நின்றன. கொடுத்த காசை நினைத்து வயிறு எரிந்தது.

மத்தளம் மெலிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அடிச்சுருதி ஒலிக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். மூடிய கிண்ணத்துக்குள் அந்தக் காற்று அகப்பட்டு அழுத்தமாக மாறும். திறந்த கிண்ணத்தில் முன்னால் ஏறிய அழுத்தம் மெத்தையின் இடுக்கு வழியாகவும் சல்லடை வழியாகவும் பின்னால் இறங்கிய அழுத்தத்தோடு கலந்து கரைந்துபோகும். பெரும்பாலான திறந்த வகைகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த இழப்பு தெரியத் தொடங்கும். பதிலுக்குக் கிடைப்பதும் உண்டு. மூடிய கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வரும் ஒலி, குடத்துக்குள் பேசுவதுபோல் ஒரு சாயலைப் பூசிவிடும். திறந்ததில் அந்தப் பூச்சு குறைவு. மத்தளத்தின் வலந்தலையில் விரல் விழும் இடமும் உள்ளங்கை விழும் இடமும் தனித்தனியாகத் தெரியும்.

தெரிய வேண்டும். முதல் இரவு எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ. அதற்குள் ஹெட்ஃபோன் மாறியதா, நான் மாறினேனா?

யார் பழகுகிறார்?

புது ஹெட்ஃபோனை நூறு மணிநேரம் ஓடவிட்டால் ‘திறந்துகொள்ளும்’ என்று ஒலிப் பிரியர்கள் நம்புவதுண்டு. சவ்வு கொஞ்சம் நெகிழ்வது உண்மைதான். அளந்து பார்த்தால் அந்த மாற்றம் மிகச் சிறியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டும்போது அது காதில் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்வதால் வரும் மாற்றம் அதைவிடப் பெரிது. காது மெத்தை அமுங்கித் தோலோடு ஒட்டுவது வேறு கதை. அது மெய்யாகவே ஒலியை மாற்றும், ஆனால் அதற்குப் பல மாதம் பிடிக்கும். ஆக, பத்து நாளில் மாறிய பெரும்பங்கு கிண்ணத்துக்கு உள்ளே இல்லை, இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள வெளிக்காதின் மடிப்புகளைப் பார்க்க வேண்டும். குழந்தையாக இருக்கும்போது நாம் இழுத்து விளையாடும் இந்தக் காதுமடல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறதோ அதற்கேற்ப மடிப்புகளில் பட்டுத் தெறித்து, சில சுருதிகளை எடுத்தும் சிலவற்றைக் குறைத்தும் உள்ளே அனுப்புகிறது. காதுக் குழாயும் தன் நீளத்துக்கேற்ப 3000 ஹெர்ட்ஸ் அளவில் உள்ள ஒலியை 10 டெசிபெலுக்கும் மேல் உயர்த்துகிறது. ஒருவர் காதைப் போல் இன்னொருவர் காது இல்லை, ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒலி வேறு சாயலில்தான் செவிப்பறைக்குப் போகிறது. பிறந்ததிலிருந்து அந்தச் சாயலைக் கழித்தே உலகைக் கேட்டு வளர்ந்த மூளைக்கு அது சாயலாகவே தெரிவதில்லை. ஹெட்ஃபோன் மாட்டும்போது ஒலி காதுமடலில் வழக்கமான கோணத்தில் படுவதில்லை. மூளை பழைய கணக்கையே கழிக்கிறது. விடை தப்பாக வருகிறது. நான் ‘ஊசி’ என்று சொன்னது அந்தக் கணக்குப் பிழையை.

கணக்கைத் திருத்த முடியுமா? 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஹொஃப்மன், வான் ரிஸ்விக், வான் ஓப்ஸ்டல் மூவரும் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு பேரின் காதுமடல் மடிப்புகளில் சிறு அச்சுகளைப் பொருத்தி, காதின் வடிவத்தையே மாற்றினார்கள். குழாய் அடைபடவில்லை, கேட்கும் திறன் குறையவில்லை. ஆனால் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று உடனே குழப்பம் வந்துவிட்டது. இடமா வலமா என்பதில் குழப்பமில்லை, ஏனென்றால் அதற்கு இரண்டு காதுக்கும் இடையிலான வேறுபாடே போதும். அச்சுகளோடேயே அவர்கள் நடந்தார்கள், வேலைக்குப் போனார்கள், பேசினார்கள். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. சில வாரங்களில் புதுக் காதால் மேலும் கீழும் சரியாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

அச்சைக் கழற்றியபோது நடந்தது இதைவிட வியப்பு. புதியதைக் கற்ற மூளை பழையதை மறந்திருக்கும், மறுபடி சில வாரம் தடுமாறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தடுமாறவே இல்லை. பழைய காது அந்தக் கணமே வேலை செய்தது. புதுப் பாடத்தை எழுத மூளை பழைய ஏட்டை அழிக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு ஏடு திறந்தது. வீட்டில் தமிழும் கந்தோரில் சிங்களமும் பேசுகிறவர் வாசற்படியில் நின்று மொழியை மாற்றக் கஷ்டப்படுவதில்லை அல்லவா, அதுபோல.

என் காதுக்கும் இப்படி ஓர் ஏடு சேர்ந்திருக்க வேண்டும். முதல் இரவு மெலிந்திருந்த மத்தளத்தின் அடிச்சுருதி நாள்போக்கில் கொஞ்சம் திரும்பி வந்ததிலும் மூளையின் கை இருக்கிறது. ஓர் ஒலியின் அடிச்சுரம் மெலிந்தாலும், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரங்கள் கேட்டால் போதும், மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிவிடும். தொலைபேசியின் சின்னத் துளையில் ஆணின் கனத்த குரல் கனத்ததாகவே கேட்பது இதனால்தான்.

பழக்கத்தை எவ்வளவு நம்பலாம்?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மூளை நல்லதற்கு மட்டும் பழகாது, மோசமானதற்கும் பழகும். கல்லடி கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலம். கடற்கரை வீட்டில் முதல் இரவு தங்கும் விருந்தாளி அலையின் இரைச்சலில் தூக்கம் வராமல் புரள்வார். வீட்டுக்காரர் எந்தச் சத்தத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்பார். மாறாத ஒலியை மூளை ஓரம்கட்டிவிடும். அலையின் சத்தம் சட்டென்று மாறினால் மட்டும் வீட்டுக்காரர்தான் முதலில் நிமிர்வார். ஹெட்ஃபோனிலும் இது நடக்கும். சல்லரி உண்மையாகவே தேவைக்கு அதிகமாகக் கூவினால்கூட, இரண்டு மாதத்தில் அதை ஓரம்கட்டிவிட்டு ‘நல்ல ஒலி’ என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

எல்லாமே பழக்கம்தான் என்றும் இல்லை. 2010களில் ஹார்மன் நிறுவனத்தின் ஷோன் ஆலிவ், டொட் வெல்ற்றி ஆகியோர் பலரை வைத்து ஹெட்ஃபோன் ஒலிகளை ஒப்பிடச் செய்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் எப்படி ஒலிக்குமோ அதை ஒத்த ஒலியையே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். மனிதக் காதுக்குப் பொதுவான ஒரு நடுவிடம் இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் விலகினால் பழகிக்கொள்ளலாம். ரொம்ப விலகினால் பழகியதாக நம்மை நாமே ஏமாற்றுகிறோம்.

இரண்டையும் பிரித்தறிய எனக்கு உதவியவை மூன்று. முதலாவது சத்த அளவு. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் காட்டியபடி, சத்தம் குறையும்போது அடிச்சுருதிதான் முதலில் காதை விட்டு நழுவும். ஆகவே கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். பழையதையும் புதியதையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடாவிட்டால் ஒப்பிட்டதற்கே அர்த்தமில்லை.

இரண்டாவது கணினி. ‘ஸ்பேஷியல் சவுண்ட்’, ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்று கணினி தானாகச் சேர்க்கும் பூச்சுகளை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ஹெட்ஃபோனின் மின்தடையையும் பார்க்க வேண்டும். 32 ஓம் உள்ளதைக் கணினி இலேசாக ஓட்டும். 250, 300 ஓம் உள்ள சில திறந்த வகைகளுக்கு அதன் மின்னழுத்தம் போதாமல் போகலாம். கணினியின் ஒலித் துளைக்கே தடை அதிகமாக இருந்தால் அடிச்சுருதி பொய்யாகப் பெருத்தும் கேட்கும். இரண்டு கணினியில் ஒரே ஹெட்ஃபோன் இரண்டு மாதிரிக் கேட்டால் காதைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, நேரில் நன்றாகத் தெரிந்த ஓர் ஒலி. வீட்டாரின் பேச்சுக் குரலைப் பதிந்து கேட்கலாம். எனக்கு அது கூத்து. கூத்து நடப்பது வட்டக்களரியில், திறந்த வெளியில், சுற்றிலும் சனம் இருந்து விடியும்வரை பார்க்க. அங்கே மத்தளம் நெஞ்சில் இடிப்பது அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்றால்தான். நாலு வரிசை தள்ளி இருந்தால் அது வெளியோடு கலந்துதான் வரும். மூடிய ஹெட்ஃபோனில் பல வருடம் நான் கேட்டது களரியில் யாருமே கேட்டிராத மத்தளம் என்று பதினைந்தாம் நாளில்தான் உறைத்தது. பழைய காது சரி, புதியது பிழை என்று நான் போட்டு வைத்திருந்த தீர்ப்பைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

ஒரு காவலும் வேண்டும். திறந்த ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. மின்விசிறியை மிஞ்ச நம் விரல் தானாகச் சத்தத்தைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரம் 40 மணிநேரம், 90 டெசிபெல் என்றால் 4 மணிநேரம்தான். மூளை எதற்கும் பழகும். உட்காதின் மயிர்க்கலம் பழகாது. செத்தால் திரும்பவும் முளைக்காது.

அளவும் பழக்கமும்

கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலாநந்தர் அடக்கமாகியிருக்கிறார். 1892இல் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். வாவியின் இசையை வைத்து நீரர மகளிர் பாடலை யாத்தவரும் அவரே. வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழின் நரம்புகள் எந்தெந்தச் சுருதியில் நின்றன என்பதைக் கணித விகிதங்களால் மீட்டெடுத்த ‘யாழ் நூல்’ 1947 யூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

சுருதிகளின் விகிதத்தைக் கணக்கால் மீட்கலாம். அந்த யாழைத் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகியவரின் காதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அந்த ஏடு அவரோடு போய்விட்டது. எந்த ஒலியிலும் அளக்கக்கூடிய ஒரு பாதியும், கேட்பவர் வாழ்ந்து சேர்த்த ஒரு பாதியும் இருக்கின்றன. துடுப்பில் எனக்குக் கேட்காமல் போனது இரண்டாவது பாதி. அதற்கு அரை நிமிடம் போதாது. அந்த முதிய மீனவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது புது ஹெட்ஃபோனோடு மூன்று மாதம். நள்ளிரவில் ஒரு கூத்துப் பதிவு முடிந்ததும் அதைக் கழற்றி மேசையில் வைக்கிறேன். கடல் இரைகிறது, முன்பு இரைந்தபடியே. மேலே ஓட்டில் ஒரு பல்லி சொல்கிறது, எந்த மூலையில் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது.